கேளுங்கள், சொல்கிறேன்: ‘நியாயமான’ என்றால் எவ்வளவு?

சென்ற இதழில் ஒரு வாசகர், ‘சட்டப் புத்தகத்திலேயே ஆபத்தான சொல் எது?’ என்று கேட்டிருந்தார். ‘நியாயமான’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விட்டீர்களா? வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை முழுக்க அந்த ஒரு சொல்லோடுதான் மல்லுக்கட்டு.

ஆபத்தான சொல் என்கிறீர்கள். முப்பது வருடம் சட்ட முன்வடிவு எழுதியவர் நீங்கள். உங்கள் பேனா அந்தச் சொல்லை எழுதியதே இல்லையா ஐயா?
*— சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்*

எழுதியிருக்கிறேன் அம்மா. எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்கப் பயம்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேலையில் அடிபட்டவர்களுக்கு நஷ்ட ஈடு தருவது பற்றிய ஒரு முன்வடிவு. காயம் பட்டவர் எத்தனை நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதில் முட்டிக்கொண்டது. ஒரு தரப்பு 15 நாள் என்றது. இன்னொரு தரப்பு 6 மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் எழுந்து போய்விடுவோம் என்றது. இரவு மணி 11. தட்டச்சு செய்பவர் கடைசி பஸ் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணை அடித்துவிட்டு, ‘நியாயமான காலத்துக்குள்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் தலையாட்டியது. 15 நாள்காரர் அதில் 15-ஐக் கேட்டார், 6 மாதக்காரர் 6 மாதத்தைக் கேட்டார். நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆறேழு வருடம் கழித்து ஒருவர் ஒரு பழைய ஃபைலோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். இயந்திரத்தில் வலது கை நசுங்கி, நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 131-ம் நாள் மனு கொடுத்திருக்கிறார். ‘நியாயமான காலத்துக்குள் மனு செய்யப்படவில்லை’ என்று ஒரே வரியில் தள்ளுபடி. அந்த வரியை இடது கை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார்: “இத்தனை நாள்னு ஒரு நம்பர் போட்டிருந்தா, படுக்கையில இருந்தே கைநாட்டு வெச்சுக் குடுத்திருப்பேனே சார். நியாயமானதுன்னா நான் என்னன்னு நெனைக்கிறது?”

அந்தச் சொல்லை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

சட்டத்தில் ‘நியாயமான’, ‘தகுந்த’, ‘உரிய’ என்று எங்கே பார்த்தாலும், அந்த இடத்தில் யாரோ சிலர் ஒத்துப்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டையைத் தீர்க்கவில்லை, மூடி போட்டு வைத்திருக்கிறோம். பின்னால் மூடியைத் திறக்கிறவர், அறையில் அன்று உட்கார்ந்திருந்த நாங்கள் யாரும் இல்லை.

தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. நமக்கு ‘நியாயம்’ என்றால் நீதியும் அதுதான், வாதமும் அதுதான். ‘அவன் நியாயத்தை அவன் சொல்றான்’ என்கிறோமே, அது நீதி இல்லை, அவன் பக்கத்து வாதம். அறிவுக்குப் பொருந்தியது என்ற அர்த்தத்தில் சட்டம் ஒரு சொல்லைக் கேட்டால், நாம் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். ஆளுக்கொரு நியாயம் என்ற வழக்கே இந்த மொழியில் இருக்கும்போது, அதை அளவுகோல் என்று நீட்டுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிடலாமே? இத்தனை நாள், இத்தனை மீட்டர், இத்தனை டெசிபல். வேலை முடிந்தது.
*— ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்*

கணக்கு ஆசிரியர் இதைத்தான் கேட்பார்!

உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் 1995 டிசம்பர் முதல் பகல் நேரத்தில் கார்களுக்கு வேக வரம்பு என்று எண்ணே கிடையாது. சாலை, வானிலை, வண்டியின் நிலை எல்லாம் பார்த்து ‘நியாயமாகவும் விவேகமாகவும்’ ஓட்டு என்றது சட்டம், அவ்வளவுதான். மறு வருடமே ஒருவர் மணிக்கு 85 மைல், அதாவது சுமார் 137 கி.மீ. வேகத்தில் போய்ப் பிடிபட்டார். வண்டி புதுசு, பிரேக், டயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வேகம் நியாயமில்லை என்றார் பிடித்த போலீஸ்காரர். எந்த வேகம் நியாயம் என்று சொல்ல அவரிடம் எண் இல்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அரசுத் தரப்பாலும் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. 1998-ல் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு. அடுத்த ஆண்டு சட்டமன்றம் உட்கார்ந்து, பெரிய நெடுஞ்சாலைகளுக்குப் பகலில் 75 மைல் என்று எண் போட்டது.

அதே 1998-ல் இந்திய உச்ச நீதிமன்றத்திலும் ஒரு லாரி வழக்கு. வண்டி கவிழ்ந்து உயிர்ச்சேதம். சாட்சிகள் எல்லோரும் ‘அதிவேகமாக வந்தது’ என்றார்கள். அதிவேகம் என்றால் உத்தேசமாக எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதிவேகம் என்பது ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்லும் சொல், அது மட்டுமே கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது என்று சொல்லி, ஓட்டுநரைக் கீழே விடுவித்திருந்ததை உறுதி செய்தது நீதிமன்றம்.

ஆகவே எண்ணே மேல் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கண் தெரியாத மூடுபனியில் 75 மைலில் போகிறவர் எண்ணை மீறவில்லை. அவரை என்ன செய்வீர்கள்? மான்டானாவும் எண்ணைப் போட்டுவிட்டு, கவனமாக ஓட்டு என்ற பழைய வாசகத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது. பலகையில் எழுதிய எண்ணுக்குப் பனி பெய்வது தெரியாது.

எண்ணை விடுங்கள், பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவான சொல்லே காலை வாரும். லான் ஃபுல்லர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1958-ல் ஒரு கட்டுரையில் போட்ட புதிர் இது. ‘ரயில் நிலையத்தில் தூங்கினால் அபராதம்.’ இதில் புரியாத சொல் ஏதாவது உண்டா? இரண்டு பேரைப் பிடித்து வருகிறார்கள். முதலாமவர், ரயில் தாமதமாகி, அதிகாலை 3 மணிக்குப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தவர். லேசாகக் குறட்டை கேட்டது. இரண்டாமவர், தலையணை போர்வையோடு வந்து படுக்கை விரித்தவர். ஆனால் பிடிக்கும்போது இன்னும் தூக்கம் வரவில்லை. சட்டத்தின் எழுத்துப்படி குற்றவாளி முதலாமவர். யாரை மனதில் வைத்து அந்த விதியை எழுதினார்களோ அவர் எழுந்து, தலையணையைத் தட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

என் தொழிலில் இதைத்தான் முப்பது வருடமும் பார்த்தேன். ஓட்டையை அடைக்க எண் போடுவோம், எண் முட்டாள்தனம் செய்யும். முட்டாள்தனத்தைத் தடுக்க ‘நியாயமான’ போடுவோம், அது ஓட்டையாகும்.

‘நியாயமான மனிதர்’ என்று தீர்ப்புகளில் ஒருவர் அடிக்கடி வருகிறாரே, யார் அவர்? பார்த்திருக்கிறீர்களா?
*— வங்கி ஊழியர்*

நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. ஆங்கிலேய நீதிபதிகள் அவருக்கு விலாசம் கொடுத்திருக்கிறார்கள். 1903 தீர்ப்பு ஒன்றில் அவர் ‘கிளாப்பம் பஸ்ஸில் போகும் மனிதர்’. கிளாப்பம் என்பது லண்டனின் ஒரு பகுதி. பிற்பாடு இன்னொரு நீதிபதி, அவர் வீட்டுக்குப் பத்திரிகைகள் வாங்குகிறவர், மாலையில் கோட்டைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுகிறவர் என்று வர்ணனை சேர்த்தார். (பத்திரிகை வாங்குவது நியாயமான மனிதரின் லட்சணம் என்பதை நம் ஆசிரியர் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.)

அவர் ஏன் தேவைப்பட்டார் என்பதுதான் சுவாரஸ்யம். 1837, இங்கிலாந்து. ஒருவர் தன் நிலத்தின் ஓரமாக, பக்கத்து நிலத்துக்காரரின் குடிசைகளுக்கு அருகில், வைக்கோல் போர் போட்டார். ஈரம் காயாமல் போட்டால் உள்ளே சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். பார்த்தவர்கள் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து வாரம் எச்சரித்தார்கள். அவருடைய சரக்குக்குக் காப்பீடு இருந்தது. ‘பார்த்துக்கொள்ளலாம், வருவது வரட்டும்’ என்றார். கடைசியில் போருக்கு நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு துளை மட்டும் விட்டார். போர் பற்றியது, அவர் கொட்டகை எரிந்தது, அங்கிருந்து தாவி அடுத்தவர் குடிசைகள் சாம்பலாயின.

கோர்ட்டில் அவருடைய வக்கீல் எடுத்த வாதத்தைப் பாருங்கள். என் கட்சிக்காரர் தன் அறிவுக்கு எட்டியவரை நல்லெண்ணத்தோடுதான் நடந்தார். உயர்ந்த ரக அறிவு அவருக்கு வாய்க்கவில்லை, அந்தத் துரதிர்ஷ்டத்துக்கு அவரைத் தண்டிக்கலாமா? கட்சிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர் மந்தபுத்திக்காரர் என்று வாதாட ஒரு தனித் தைரியம் வேண்டும்!

தலைமை நீதிபதி டிண்டால் மறுத்துவிட்டார். அவரவர் அறிவை அளவாக வைத்தால், அது அவரவர் பாதத்தின் நீளம் மாதிரி ஆளுக்கு ஆள் மாறும், அது அளவே இல்லை என்றார். செருப்புக்காகக் காலை வெட்டலாமா என்று நாம் கேட்போம். டிண்டாலின் பதில், எல்லோர் காலுக்கும் தனித்தனிச் செருப்பு தைத்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீடு எரிந்துகொண்டே இருக்கும் என்பதுதான். எனக்கு இந்தத் தீர்ப்பில் மனக்குறை இல்லை.

அந்த நியாயமான மனிதருக்குத் தவறே நேராதா?
*— பெயர் வேண்டாம் என்ற வாசகர்*

நேரும், மன்னிப்பும் கிடைக்கும். 1855-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கடுங்குளிர். 25 வருடமாகச் சிக்கலில்லாமல் இருந்த தெருக்குழாய் அடைப்பான் ஒன்று உறைபனியில் பழுதாகி, ஒரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வழக்கமான குளிருக்குத் தயாராக இருந்தால் போதும், இப்படி ஒரு குளிரை எதிர்பார்க்கவில்லை என்பது குற்றமில்லை என்று தண்ணீர்க் கம்பெனியை விட்டுவிட்டது கோர்ட். ஆனால் ஒன்று, அடுத்த வருடமும் அதே குளிர் வந்தால் அதே பதில் செல்லாது. நியாயமான மனிதர் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கொஞ்சம் புத்திசாலி ஆகிக்கொண்டே போகிறவர்.

அது என்ன, எப்போதும் ‘மனிதர்’? பஸ்ஸில் போகிறவரும் ஆண், புல் வெட்டுகிறவரும் ஆண். அலுவலகத்தில் ஒருவர் தினமும் என் மேசை அருகே வந்து நிற்கிறார், கவிதை மாதிரி ஏதோ எழுதி வைக்கிறார். ‘இதில் பயப்பட என்ன இருக்கிறது?’ என்கிறார் என் மேலதிகாரி. நான்தான் நியாயமில்லாமல் பயப்படுகிறேனா?
*— ஒரு வாசகி*

இல்லை அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே மாதிரி ஒரு வழக்கு 1991-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு பெண் ஊழியருக்கு உடன் வேலை செய்தவர் அழுது புலம்பிச் சீட்டு எழுதினார், பிறகு மூன்று பக்கக் கடிதம். அந்தப் பெண் மிரண்டு போனார். கீழ்க்கோர்ட் நீதிபதிக்கு அது ‘அற்ப விஷயமாக’த் தெரிந்தது. மேல்கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள், நியாயமான ஒரு பெண் இதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்ற கேள்வியைப் போட்டார்கள். ஆணுக்கு அசட்டுக் காதலாகத் தெரிவது, வன்முறைக்கு ஆளாகும் சாத்தியத்தோடு நாளும் வாழும் பெண்ணுக்கு அப்படித் தெரியாது என்றார்கள்.

அது புதிய சிக்கலையும் கொண்டுவந்தது, மறைக்கவில்லை. பெண்ணுக்கு ஒன்று என்றால் முதியவருக்கு, பார்வையற்றவருக்கு, வேறு நாட்டிலிருந்து வந்தவருக்கு? பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் டிண்டால் வேண்டாம் என்ற ஆளுக்கொரு பாதத்துக்கே வந்து நிற்போம். இதற்கு முடிவான விடை என்னிடம் இல்லை. ஆனால் உங்கள் மேலதிகாரிக்கு என்னிடம் பதில் உண்டு: மேசை அருகே வந்து நிற்பது யார், உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் அந்தச் சீட்டுகளைக் கிழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள்.

நண்பர்களோடு தெருமுனையில் நின்றிருந்தேன். ‘காரணமில்லாமல் ஏன் நிற்கிறீர்கள்?’ என்று மிரட்டி அனுப்பினார் ஒரு காவலர். சும்மா நிற்பது குற்றமா? வைக்கோல் போர்க்காரருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?
*— வேலை தேடும் இளைஞர்*

தம்பி, நான் இத்தனை நேரம் சுற்றி வளைத்து வர நினைத்த இடம் இதுதான். வைக்கோல் போரையும் எடுத்து வைத்துவிட்டாய்.

சிகாகோ நகரத்தில் 1992-ல் ஒரு விதி போட்டார்கள். ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவர் என்று காவலர் ‘நியாயமாக’ நம்பும் ஒருவர் (பார், அங்கேயும் நம் சொல்), இன்னும் யாராவது ஒருவரோடு பொது இடத்தில் ‘வெளிப்படையான நோக்கம் இல்லாமல்’ நின்றால், கலைந்து போகச் சொல்லலாம், போகாவிட்டால் கைது. மூன்று வருடத்தில் 89,000-க்கும் மேற்பட்ட கலைப்பு உத்தரவுகள், 42,000-க்கும் மேற்பட்ட கைதுகள். 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதியைத் தள்ளியது. நண்பனுக்காகக் காத்திருப்பவனுக்கு நோக்கம் இருக்கிறது. அது காவலருக்கு ‘வெளிப்படையாக’ எப்படித் தெரியும்? நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதா?

அதற்கு முன்பே, 1972-ல், ஜாக்சன்வில் என்ற நகரத்தின் நாடோடிச் சட்டத்தையும் அதே நீதிமன்றம் தள்ளியிருக்கிறது. சட்டப்படியான நோக்கமில்லாமல் இடம் விட்டு இடம் அலைகிறவர், வழக்கமாகச் சோம்பித் திரிகிறவர் என்று அதில் நீளமான ஒரு பட்டியல். பிடிபட்டவர்களில் நாலு பேர், இரண்டு கறுப்பின ஆண்கள், இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், ஒரே காரில் முக்கியச் சாலையில் போனவர்கள். குற்றச்சாட்டு: ‘காரில் சுற்றித் திரிந்தது.’ உண்மையில் யார் கண்ணை எது உறுத்தியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மங்கலான சட்டம் இந்தப் பழமொழிக்கு அரசு முத்திரை குத்திக் கொடுக்கிறது.

இப்போது உன் கேள்வி. வைக்கோல் போர்க்காரர் வழக்கிலும் சொல் மங்கல்தான். ஆனால் அங்கே வீடு எரிந்த பிறகு, இரண்டு தரப்பையும் கேட்டு, அந்த இழப்பில் எந்தச் சம்பந்தமும் இல்லாத 12 பேர் ஜூரியாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். தோற்றால் பணம் கட்டுவார். உன் தெருமுனையில் எதுவும் எரியவில்லை. முடிவு செய்தது ஒரே ஆள், அரை நிமிடத்தில், கையில் லத்தியோடு. நீ இழப்பது பணமில்லை, நிற்கும் இடம். ஒரு சொல் எவ்வளவு மங்கல் என்பதை நான் இப்போதெல்லாம் பெரிதாகப் பார்ப்பதில்லை. அதற்கு முதலில் அர்த்தம் சொல்லப்போவது யார், நடந்த பிறகா, நடக்கும் முன்னேயா, தப்பாகச் சொன்னால் யார் தலையில் விடியும் என்று பார்க்கிறேன். கை நசுங்கியவரின் ஃபைலிலும் இதுதான் நடந்தது. அர்த்தம் சொன்னவர் பணம் கொடுக்க வேண்டிய அலுவலகத்துக்காரரே.

பார்த்தாலே தெரியாதா எது ஒழுங்கு, எது ஒழுங்கீனம் என்று? எதற்கு இத்தனை வியாக்கியானம்?
*— மூத்த குடிமகன்*

இதைச் சொன்ன நீதிபதியே ஒருவர் உண்டு. 1964-ல் ஒரு திரைப்படம் ஆபாசமா என்ற வழக்கில், அமெரிக்க நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், அதை என்னால் வரையறுக்க முடியாது, ஆனால் பார்த்தால் எனக்குத் தெரியும் என்று எழுதினார். அந்தப் படம் அப்படிப்பட்டதல்ல என்றும் சொன்னார்.

ஏழு வருடம் கழித்து சின்சினாட்டி நகரத்து விதி ஒன்று அவரிடம் வந்தது. நடைபாதையில் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடி, போகிறவர் வருகிறவருக்கு ‘எரிச்சலூட்டும்படி’ நடந்தால் குற்றம். அதைச் செல்லாது என்று தீர்ப்பு எழுதியவர் அதே ஸ்டூவர்ட். ஒருவருக்கு எரிச்சல் தருவது இன்னொருவருக்குத் தராது என்றார். பார்த்தால் தெரியும் என்பது, பார்ப்பவர் நாமாக இருக்கும்வரை நல்ல சட்டம்தான் ஐயா.

சமூக ஊடகத்தில் எழுதினால் பிடித்துப் போவார்களா?
*— கல்லூரி மாணவர்*

எந்த நாடு, என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’, ‘மிகவும் புண்படுத்தும்’ போன்ற சொற்கள் இருந்தன. 3 வருடம் வரை சிறை. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை முழுசாக நீக்கியது. தீர்ப்பில் ஒரு பிரிட்டிஷ் வழக்கைக் காட்டியிருப்பார்கள். பனியால் விமான நிலையம் மூடிக்கிடந்த கடுப்பில், அதை வெடிவைத்துத் தகர்ப்பேன் என்று வேடிக்கையாக ஒருவர் ட்விட்டரில் எழுதினார். கீழ்க்கோர்ட்டுகள் குற்றம் என்றன, 2012-ல் மேல்கோர்ட் இல்லை என்றது. நீதிபதிகளே ஒரே வரியை எதிரெதிராகப் படிக்கும்போது, எழுதுகிறவன் எதைப் பார்த்து நடப்பான் என்பதுதான் கேள்வி.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு விதி எழுதுகிறோம். ‘அளவுக்கு மீறிச் சத்தம் போடுதல், அநாகரிகமாக நடத்தல் முதலியன கூடாது’ என்று வரைவு. சரியாக இருக்கிறதா?
*— சங்கச் செயலாளர்*

சத்தத்துக்கு நேரம் போடுங்கள்: இரவு 10 முதல் காலை 6 வரை. அதில் எண் நன்றாக வேலை செய்யும். பகல் சத்தத்துக்கு ‘நியாயமான’ என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் முறை அபராதம் இல்லை, எழுத்தில் எச்சரிக்கை மட்டும் என்று சேருங்கள். நியாயமா என்று முடிவு செய்பவர்களில் புகார் கொடுத்தவர் இருக்கக் கூடாது. செயலாளரும் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘அநாகரிகமாக’ என்பதை எடுத்துவிட்டு, எதை நினைத்து எழுதினீர்களோ அதையே எழுதுங்கள். மாடிப்படியில் செருப்புக் குவியலா, கைப்பிடிச் சுவரில் துணி காய்வதா? எழுத வெட்கமாக இருந்தால் அது விதி போடும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

திருத்திய வரைவை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். அனுப்பும் முன் ‘முதலியன’வை அடித்துவிடுங்கள்.